முற்றும்மை: சொல்லின் உறுப்பா, தொடரின் உறுப்பா?

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் 'உம்' என்னும் இடைச்சொல் பெரும்பாலும் ஒரே வகையில் நடத்தப்பெறுகிறது. ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதில் உம்மை பயின்று வரும் இடங்களைத் தொகுத்து, தொல்காப்பியம் இடையியலில் கூறும் எட்டுப் பொருள்களுள் எப்பொருள் எத்தனை இடத்தில் வந்துள்ளது என்று அட்டவணை இடுவதோடு பணி நிறைவுறுகிறது. இத்தொகுப்புகள் பயனற்றவை அல்ல. ஆனால் உம்மை என்ன பொருள் தருகிறது என்ற வினாவை மட்டும் கேட்டு, அது தொடரில் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்ற வினாவைக் கேளாமல் விடுகின்றன. முற்றும்மையைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் வினாவே முதன்மையானது என்பதும், அதற்கு விடை காண ஆக்கமுறை இலக்கணத்தின் தொடரியல் கருவிகளும் நம் மரபிலக்கணத்தின் சில நூற்பாக்களும் ஒருசேர வேண்டும் என்பதும் என் கருத்து.

கலைச்சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். 'எல்லா', 'ஒவ்வொரு', 'சில', 'மூன்று' முதலியவற்றையும், 'யாரும்', 'எதுவும்', 'யாரோ', 'யாராவது' என வினாவடியிலிருந்து அமைவனவற்றையும் அளவைச்சொற்கள் என்கிறேன். இவை அமைந்த பெயர்த்தொடர் அளவைப் பெயர்த்தொடர். 'உம்', 'ஓ', 'ஏ', 'ஆ', 'ஆவது', 'தான்' ஆகியவற்றை மிதவை ஒட்டுகள் எனலாம். ஓர் அளவைச்சொல்லின் பொருள் தொடருக்குள் எவ்வளவு தொலைவு ஆட்சி செலுத்துகிறதோ அது அதன் வீச்சு. ஏற்க முடியாத தொடர்களுக்கு முன் உடுக்குறி இட்டுள்ளேன்.

உம்மையின் இடம்

'எல்லாரும்', 'யாரும்' ஆகியவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. கணினிவழிச் சொல்வகைக் குறியீட்டுப் பணியில் ஈடுபடுவோர்க்கும் இவ்வாறு கொள்வது எளிது. எழுத்தில் ஒன்றாக இருப்பதைப் பிரிக்க வேண்டிய தொல்லை இல்லை. ஆயின் வேற்றுமை உருபு வந்து சேரும்போதே இக்கருத்து தடுமாறுகிறது. 'எல்லாரும்' ஒரு சொல்லாயின் அதன்மேல் 'ஐ' ஏறி '*எல்லாரும்மை' என்றன்றோ வரவேண்டும்? வருவது 'எல்லாரையும்'. 'யாருக்கும்', 'யாரிடமும்', 'யாரைப் பற்றியும்' என எங்கும் உருபும் சொல்லுருபும் உள்ளே நிற்க, உம்மை வெளியே நிற்கிறது.

இதைத் தொல்காப்பியர் கண்டு விதித்திருக்கிறார். அதுவும் இடையியலில் அன்று, எழுத்ததிகாரத்து உருபியலில். 'எல்லாம்', 'எல்லாரும்' ஆகியவை உருபோடு புணருங்கால் சாரியை பெறுவதைக் கூறும்போது, உம்மை இறுதியில் நிலைபெறும் என்கிறார். புணர்ச்சி விதியாகப் படித்துக் கடந்துவிடும் இந்நூற்பாக்களைத் தொடரியல் கண்கொண்டு பார்த்தால், உம்மை தன் பெயரோடு ஒட்டிய விகுதி அன்று, உருபேற்ற பெயர்த்தொடரின் விளிம்பை நாடி நிற்பது என்னும் உண்மை அங்கேயே பதிவாகியிருப்பது தெரியும்.

ஒட்டுக்கும் விகுதிக்கும் உள்ள வேறுபாட்டை வரையறுக்க அர்னால்டு சுவிக்கியும் ஜெஃப்ரி புல்லமும் 1983-இல் சில அளவுகோல்களை முன்வைத்தனர். விகுதி தான் சேரும் சொல்வகையைத் தேர்ந்தெடுக்கும். ஒட்டு அவ்வளவாகத் தேர்ந்தெடுக்காது என்பது அவற்றுள் ஒன்று. 'கண்ணனும்', 'கண்ணனையும்', 'அங்கும்', 'மெதுவாகவும்', 'வந்தாலும்' என உம்மை பலவகைச் சொற்களின்மேலும் ஏறுகிறது. ஏறாத இடமும் உண்டு. பெயரெச்சத்தின்மேலும் பெயரடையின்மேலும் அது நில்லாது; '*எழுதியவும் நூல்', '*நல்லவும் மனிதன்' என்பன இல்லை. பெயருக்கு அடையாகி வரும் 'இன்' உருபேற்ற பெயரும் அவ்வாறே. இந்தத் தடையால் ஒரு சுவையான விளைவு நேர்கிறது.

(1) ஆசிரியர் எல்லா மாணவர்களின் பெயர்களையும் எழுதினார்.

'எல்லா' அளப்பது மாணவர்களை. உம்மை நிற்பதோ பெயர்களின்மேல். அளவைச்சொல் உள்தொடரில் இருக்க, அதன் இணையான உம்மை வெளித்தொடரின் விளிம்புக்குச் செல்கிறது. சொல்லுக்குள் நிகழும் ஆக்கம் இவ்வாறு தொடரைத் தாண்டாது.

இனி இக்கட்டுரையின் மையமான சான்று.

(2) யார் எழுதிய நூலையும் அவர் படித்ததில்லை.

(3) *யாரும் எழுதிய நூலை அவர் படித்ததில்லை.

(4) யாரும் எழுதாத நூலை அவர் எழுதினார்.

இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். (2)-இல் 'யார்' பெயரெச்சத் தொடருக்குள் இருக்கிறது. உம்மை அத்தொடரைக் கடந்து 'நூலை' என்பதன்மேல் நிற்கிறது. எதிர்மறை வெளித்தொடரின் வினையில் உள்ளது. (3)-இல் எதிர்மறை வெளியிலேயே இருக்க, உம்மையை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம், தொடர் சிதைந்துவிட்டது. (4)-இல் எதிர்மறையும் உள்ளே வந்தது. உம்மை உள்ளே நிற்பது சரியாயிற்று. ஆக, எதிர்மறை எந்த வாக்கியக் கூறில் உள்ளதோ அந்தக் கூறின் உறுப்பின்மேலேயே உம்மை நிற்கிறது. 'யாரும்' ஒரு சொல் என்று கொண்டால் (2)-ஐ விளக்கவே இயலாது. 'யாரும்' என்ற சொல்லே அத்தொடரில் இல்லை. இருப்பவை 'யார்' என்னும் வினாப்பெயரும், தொலைவில் ஓர் உம்மையும்.

உம்மைக்கு மட்டும் உரியதன்று இந்நடத்தை. 'யார் எழுதிய நூலை அவர் படித்தார்?' என்னும்போது 'யார்' வினா. 'யார் எழுதிய நூலையோ படித்துக்கொண்டிருந்தார்' என்னும்போது அறியப்படாத ஒருவர். 'யார் வீட்டிலாவது தங்கிக்கொள்' என்னும்போது யாரேனும் ஒருவர். உள்ளே இருக்கும் சொல் மாறவில்லை. வெளியே உள்ள ஒட்டு மாற, பொருள் மாறுகிறது. எனவே 'யார்' என்பது இயல்பிலேயே வினாப்பெயர் என்பதைக் காட்டிலும், மதிப்பு நிரப்பப்படாத ஒரு வெற்றிடம் என்பதே பொருத்தம். அதை வினாவாகவோ முற்றாகவோ ஐயமாகவோ நிரப்புவது அதன்மேல் வீச்சுடைய ஒட்டு.

இதனைத் தமிழுக்கு மட்டும் உரிய விந்தையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியின் 'மோ', 'கா' என்னும் ஒட்டுகள் வினாச்சொற்களோடு கொள்ளும் உறவை எஸ். ஒய். குரோதா 1965-இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில் ஆராய்ந்தார். அம்மொழியிலும் 'மோ' பெயரெச்சத் தொடரைத் தாண்டி நிற்கும். நமக்கு மிக அண்மையில், மலையாளத்தின் 'உம்', 'ஓ' ஆகியவற்றை முன்வைத்துக் கே. ஏ. ஜயசீலன் 2001-இல் எழுதிய கட்டுரை, வினாச்சொல்லை மாறியாகவும் ஒட்டை அதன்மேல் இயங்கும் இணைப்புக் கூறாகவும் கொண்டு ஒரு விளக்கம் தந்தது. அன்னா சபோல்ச்சி 2015-இல் பல மொழிகளின் இத்தகைய ஒட்டுகளை ஒப்பிட்டு எழுதியுள்ளார். உலக மொழியியலில் இவ்வளவு விவாதிக்கப்படும் ஒரு கூறு, அதன் மிக நீண்ட எழுத்து வரலாற்றை உடைய மொழியின் துறைகளில் எட்டுப் பொருள் அட்டவணையாகவே நின்றுவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எண்ணும் முற்றும் எச்சமும்

'கண்ணனும் முருகனும் வந்தனர்' என்பதில் எண்ணும்மை. 'எல்லாரும் வந்தனர்' என்பதில் முற்றும்மை. எட்டில் இரண்டு என்று பிரித்துப் படிக்கிறோம். ஆனால் எண்ணும்போது உம்மை ஒவ்வோர் உறுப்பின்மேலும் வருகிறது. எண்ணி முடித்தால் கிடைப்பது முற்று. ஒரு தொகுதியின் உறுப்பினரை ஒருவர் விடாமல் உம்மையிட்டுச் சொல்வதற்கும், அத்தொகுதியைச் சுட்டி ஒரே உம்மை இடுவதற்கும் வேறுபாடு சொல்லின் நீளமே. அவ்வாறே 'கண்ணனோ முருகனோ' என்பதன் ஓகாரமும் 'யாரோ' என்பதன் ஓகாரமும் ஒன்றாகின்றன. ஜயசீலனின் விளக்கத்தின் அடிப்படை இதுவே. ஒரே இடைச்சொல்லின்கீழ் எண்ணையும் முற்றையும் வைத்த தொல்காப்பியரின் வகைப்பாட்டோடு இது முரண்படவில்லை. அவ்வகைப்பாட்டுக்குள் இருக்கும் உறவை வெளிப்படுத்துகிறது.

எண்ணுப்பெயர்களைப் பொறுத்து இன்னொரு நூற்பா நினைக்கத்தக்கது. 'மூன்று மாணவர் வந்தனர்' என்றால் எந்த மூவர் என்று கேட்போர்க்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'மூன்று மாணவரும் வந்தனர்' என்றால் மாணவர் மூவரே என்பது முன்பே அறியப்பட்டிருக்க வேண்டும், ஒருவரும் எஞ்சக்கூடாது. இத்தனை என்று வரையறை அறியப்பட்ட பொருள் வினைகொள்ளும்போது உம்மை வேண்டும் என்று கிளவியாக்கம் விதிப்பது இதைத்தான். ஆங்கிலம் இரண்டு வெவ்வேறு சொற்களால் குறிக்கும் அறிந்தமையையும் முழுமையையும் தமிழ் ஓர் ஒட்டால் குறிக்கிறது. பெயர்த்தொடரின் தலைமை பெயரா, அதற்கும் மேலான வேறொரு கூறா என்பது 1987-இல் ஸ்டீவன் ஆப்னியின் ஆய்வேட்டுக்குப் பின் பெரிதும் விவாதிக்கப்பட்டது. சுட்டுச்சாரியை இல்லாத தமிழுக்கு அவ்விவாதத்தில் இடமில்லை என்று சிலர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. விளிம்பில் நிற்கும் உம்மை அந்த மேல்நிலைக் கூறாக இருக்கக்கூடும் என்பதற்குக் 'கிளவியாக்க' நூற்பாவே தூண்டுதல் தருகிறது.

இனி எதிர்மறை. 'எல்லாரும் வரவில்லை' என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. ஒருவரும் வரவில்லை என்பது ஒன்று. சிலர் வந்தனர், எல்லாரும் வந்துவிடவில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளில் முற்றின் வீச்சு எதிர்மறையை உள்ளடக்குகிறது. இரண்டாவதில் எதிர்மறையின் வீச்சு முற்றை உள்ளடக்குகிறது. பேச்சில் அழுத்தமும் இசையும் இவற்றைப் பிரித்துக் காட்டும். எழுத்தில் இரண்டும் ஒன்றே. இதனைச் சுட்டுவதற்கு நாம் மேலைநாட்டு நூலைத் திறக்க வேண்டியதில்லை. முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் படும் என்பதை இடையியலும் நன்னூலும் தனி நூற்பாக்களால் கூறுகின்றன. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் சான்றுகள் எதிர்மறை வினையோடு கூடியவை. பத்துப் பொருளையும் கொடுக்காதே என்பது, சிலவற்றை வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைக் கொடு எனவும் பொருள்படும் என்ற நுட்பத்தை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவற்றைக் கொண்டு தொல்காப்பியரே ஆக்கமுறை இலக்கணத்தின் முன்னோடி என்று எழுதிவிடுவது எளிது. கருத்தரங்கத் தொகுதிகளில் அவ்வகைக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அது தொல்காப்பியருக்கும் பெருமை அன்று, சாம்ஸ்கிக்கும் நீதி அன்று. மரபிலக்கணம் எச்சப்பொருள் வரும் என்றது. எந்தச் சூழலில் வரும், எந்தச் சூழலில் வரவே வராது என்று கூறவில்லை. 'யாரும் வரவில்லை' என்பதற்கு எச்சப்பொருள் ஒருபோதும் இல்லை. 'எல்லாரும்' இரு பொருள்பட, 'யாரும்' ஏன் ஒரு பொருளில் நிற்கிறது என்ற வினாவை எழுப்ப, வீச்சு என்னும் கருத்தும், தொடரைக் கிளைப்படமாகக் காணும் முறையும் தேவை.

மறுபக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆக்கமுறை இலக்கணம் தமிழுக்குப் புதிதன்று, ச. அகத்தியலிங்கத்தின் தமிழ் ஆக்கமுறை இலக்கண நூல் 1967-இலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. ஆயினும் பின்வந்த ஆய்வேடுகள் பலவற்றில் ஆங்கில, பிரெஞ்சுக் கோட்பாட்டு நூல்களின் விதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின்கீழும் ஒரு தமிழ் எடுத்துக்காட்டைப் பொருத்துவதே முறையாகிவிட்டது. மிதவை ஒட்டு என்ற சொல்லே இங்கு ஏமாற்றக்கூடியது. ரிச்சர்ட் கேய்ன் 1975-இல் பிரெஞ்சுத் தொடரியல் பற்றி எழுதிய நூலில் ஆராயும் ஒட்டுகள், வினையின்மேல் ஏறிக்கொள்ளும் பதிலிடு பெயர்கள். தமிழின் ஒட்டுகள் பதிலிடு பெயர்கள் அல்ல. வினையை நாடுவனவும் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்நூலின் விதிகளை இங்கே கொண்டுவந்து பொருத்துவது வீண்முயற்சி.

ராபர்ட் மே 1977-இல் முன்வைத்த அளவைச்சொல் உயர்த்தமும் அத்தகைய மறுஆய்வுக்கு உரியது. ஒலிவடிவில் புலப்படாமல், தருக்க வடிவத்தில் அளவைச்சொல் வாக்கியத்தின் முன்னிடத்துக்குப் பெயர்கிறது என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லடைவுக்கு இரு வீச்சுகள் கிடைப்பதால் அக்கொள்கை தேவைப்பட்டது. தமிழில் 'ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலைப் படித்தார்' என்றால் ஆளுக்கொரு நூல் என்பதே முதலில் தோன்றும் பொருள். எல்லாரும் ஒரே நூலைப் படித்ததைச் சொல்ல வேண்டுமாயின், 'ஒரு நூலை ஒவ்வொரு மாணவரும் படித்தார்' என்று சொல்லடைவையே மாற்றுகிறோம். புலப்படாத இடப்பெயர்ச்சி ஆங்கிலத்தில் செய்யும் பணியின் பெரும்பகுதியைத் தமிழில் புலப்படும் சொல்லடைவும் ஒட்டின் இடமும் செய்கின்றன. எனவே தமிழ்த் தரவு இக்கொள்கைக்கு வெறும் எடுத்துக்காட்டு அன்று. அதைச் சோதிக்கும் உரைகல்.

'இதில் தமிழ் எங்கே இருக்கிறது?' என்று வாய்மொழித் தேர்வுகளில் கேட்கப்படும் வினா இத்துறையில் ஆய்வு செய்யும் எங்களுக்குப் பழகிப்போனது. கிளைப்படங்களைக் கண்டதும் எழும் வினா அது. மேலே (2), (3), (4) ஆகியவற்றில் இருப்பது தமிழே அன்றி வேறன்று என்பதே என் விடை. தமிழ் பேசும் எவரும் (3)-ஐச் சொல்லமாட்டார். ஏன் சொல்லமாட்டார் என்று எவரும் அவருக்குக் கற்பித்ததும் இல்லை. கற்பிக்கப்படாத இந்த அறிவை விளக்குவது தமிழ்த்துறையின் வேலை இல்லை என்றால், அது யாருடைய வேலை?

வரலாற்றுப் பக்கம்

மொழியியல் துறைகளால் எளிதில் செய்ய இயலாத, தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி ஒன்று இருக்கிறது. பழைய வழக்கில் வினாவடிப் பெயரோடு உம்மை சேர்ந்து உடன்பாட்டுத் தொடரில் முற்றுப்பொருள் தருவது இயல்பு. அதன் எச்சமாக 'யாவரும் வந்தனர்' என்று இன்றைய செந்நடையிலும் எழுதுகிறோம். ஆனால் '*யாரும் வந்தார்கள்', '*எதுவும் கிடைத்தது' என்பன இன்று இல்லை. இவ்விரண்டும் எதிர்மறையையோ, 'யாரும் வரலாம்' என்பதுபோல் இசைவுப் பொருளையோ வேண்டி நிற்கின்றன. தாமஸ் லேமனின் 1989-ஆம் ஆண்டு இக்காலத் தமிழ் இலக்கணம் போன்ற விளக்கநூல்கள் இன்றைய நிலையைத் தருகின்றன. இந்நிலை எப்போது, எவ்வாறு வந்தது என்பது அவற்றின் நோக்கம் அன்று.

வியப்பு இதோடு முடியவில்லை. 'எங்கும் தேடினேன்', 'எப்போதும் படிக்கிறான்', 'என்றும் நினைவில் நிற்கும்' ஆகியவை இன்றும் உடன்பாட்டில் முற்றுப்பொருளோடு வழங்குகின்றன. அதே அமைப்பு, அதே உம்மை. மக்களையும் பொருள்களையும் குறிக்கும்போது முற்றுப்பொருள் போய்விட்டது, இடத்தையும் காலத்தையும் குறிக்கும்போது போகவில்லை. என் கருதுகோள் இது: மக்களுக்கு 'எல்லாரும்', பொருளுக்கு 'எல்லாம்' என முற்றுப்பொருளுக்கே உரிய பெயர்கள் மொழியில் இருந்தமையால் அவை 'யாரும்', 'எதுவும்' ஆகியவற்றை உடன்பாட்டிலிருந்து விலக்கின. இடத்துக்கும் காலத்துக்கும் அத்தகைய ஒற்றைச்சொல் இல்லை. 'எல்லா இடத்திலும்', 'எல்லாக் காலத்திலும்' எனத் தொடராகவே சொல்ல வேண்டியிருப்பதால் 'எங்கும்', 'என்றும்' தம் இடத்தை இழக்கவில்லை.

இக்கருதுகோள் சரியாயின், 'எல்லாரும்' பெருகப்பெருக உடன்பாட்டு 'யாரும்' குறைந்திருக்க வேண்டும். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், உரைநடை ஆகிய மூன்று அடுக்குகளிலும் இவ்விரண்டையும் எதிர்மறை உள்ள தொடர், இல்லாத தொடர் எனப் பிரித்து எண்ணினால் இதனைச் சோதித்துவிடலாம். எட்டுப் பொருள் அட்டவணை இடுவதற்குச் செலவிடும் உழைப்பில் இது முடியும். அதனோடு ஒரு களப்பணியும் சேரலாம். வினாப்பெயர் பெயரெச்சத் தொடருக்குள் இருக்க, உம்மை வெளியே செல்வதை (2)-இல் கண்டோம். 'எல்லா' அவ்வாறு செல்ல இடந்தருமா? 'எல்லா மாணவர்கள் எழுதிய கட்டுரைகளையும் படித்தேன்' என்பது என் மொழியுணர்வில் தயக்கம் தருகிறது. 'எல்லா மாணவர்களும் எழுதிய கட்டுரைகளைப் படித்தேன்' என்பதே இயல்பு. நான் கேட்டவருள் சிலர்க்கு முன்னதும் ஏற்புடையதாக இருந்தது. வட்டாரத்தால் வேறுபடுகிறதா, எழுத்து நடையின் தாக்கமா என்பதை நெல்லையிலும் கொங்கிலும் யாழ்ப்பாணத்திலும் பேசுவோரிடம் இவ்விரு தொடர்களையும் கொடுத்துக் கேட்டறிய வேண்டும்.